கத்தி ஓய்ந்தது, கடமை ஓயவில்லை!

திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, பாட்டும் பஜனையுமாகப் படியேறுகிறது பெருங்கூட்டம். ஏறுவோர் ஏறட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. நாம் பேச வந்தது வேறு 365 படிகளைப் பற்றி. கோயிற்படிக்கு உச்சி உண்டு. ஏறி முடித்தவர் இறங்கி வீடு திரும்பலாம். இந்தப் படிகளுக்கோ உச்சியே கிடையாது. ஓராண்டு ஏறி முடித்தால், மறு ஆண்டு மீண்டும் முதற்படி! உயிர் உள்ள வரை ஏறியாக வேண்டும். உடல் பருமனைக் குறைக்க வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், நாள் தவறாமல் விழுங்க வேண்டிய சத்து மாத்திரையைத்தான் சொல்கிறோம்.

"பணக்காரன் நோய்க்குப் பாட்டாளியின் ஏடு தலையங்கம் தீட்டுவதா?" என்று தோழர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம். 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர், ஆண்களில் 100-க்கு 37 பேர், அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். நாட்டில் இத்தனை பேரும் மாளிகைவாசிகளா? இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் உறங்குபவன், நாளெல்லாம் லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பவன், காலையில் டீயும் போண்டாவும் இரவில் புரோட்டாவும் என்று காலம் தள்ளுபவன் — இவர்கள் எல்லாம் யார்? தொந்தி என்றால் தனவந்தன் என்று கேலிச்சித்திரம் தீட்டிய காலம் போய்விட்டது, தோழர்களே!

இந்த அறுவை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், உறக்கத்திலே மூச்சடைப்பு, தேய்ந்துபோன முழங்கால் — இவற்றால் அவதியுறும் பலருக்கு அது புதுவாழ்வு தந்திருக்கிறது. மருத்துவம் தந்த வெற்றி அது, மறுப்பவன் மடமையாளன். ஆனால் வெற்றி கிடைத்த நாளோடு வேலை முடிந்ததா? அதுதான் கேள்வி.

திருத்தணிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வடக்கெல்லைக்காக ம.பொ.சி.யும் மற்றவரும் போராடி, சிறை சென்று, 1960 ஏப்ரல் முதல் நாள் இந்த ஊர் சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. எல்லை கிடைத்தது ஒரு நாளில். அதன் பிறகு பள்ளிக்கூடம் கேட்க, பாதை கேட்க, மருத்துவமனை கேட்க எத்தனை ஆண்டு பாடுபட வேண்டியிருந்தது! உடலும் அப்படித்தான். கத்தியின் வேலை சில மணி நேரம். காப்பதன் வேலை ஆயுள் முழுவதும்.

அப்படி என்னதான் செய்கிறார்கள் உள்ளே? இரு முறைகள் பெருவழக்கு. ஒன்று 'ஸ்லீவ்': இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, மிச்சத்தைச் சட்டைக் கை போலக் குழாயாக்கி விடுவது. மற்றொன்று 'பைபாஸ்': இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு தைத்து, உணவு முதற்பகுதியைத் தொடாமலே போகச் செய்வது. ஊருக்குள் வராமல் புறவழிச் சாலையில் பேருந்து போகிறதல்லவா, அது போல. பேருந்து விரைவாகப் போகும். ஆனால் ஊருக்கு இறங்க வேண்டிய சரக்கு? இறங்காது! இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் பெரிதும் இறங்குமிடம் சிறுகுடலின் அந்த முதற்பகுதிதான். பி-12 என்னும் வைட்டமினோ குடலின் கடைக்கோடியில் இறங்குவது. அதுவரை அதற்குத் துணை போவது இரைப்பை சுரக்கும் ஒரு பொருள். இரைப்பை குறைந்தால் துணை குறையும். சோறு உள்ளே போகும். சத்து உடம்பில் ஒட்டாது.

உண்டும் சத்து ஒட்டாத கொடுமை இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. 1960-களின் தொடக்கத்தில், அண்டையிலுள்ள வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் 'ஸ்ப்ரூ' என்னும் குடல்நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. தின்றது தங்காமல், பேதியாகி, இரத்தம் வற்றி மக்கள் மெலிந்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த செல்வின் பேக்கரும் வி.ஐ.மாத்தனும் அந்நோயை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தனர். அன்று நோய் செய்ததை, இன்று நோய் தீர்க்கும் பொருட்டு மருத்துவமே ஓரளவு செய்கிறது. ஆகவே ஈடு செய்யும் பொறுப்பும் அதனுடையதே.

அந்தப் பொறுப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1954-இல் மின்னசோட்டாவில் இத்தகைய அறுவையின் முதல் வடிவம் பிறந்தது. சிறுகுடலின் பெரும்பகுதியையே விலக்கிவிட்டார்கள். எடை குறைந்தது, "ஆகா!" என்றார்கள். ஆண்டுகள் சென்றன. பலருக்குக் கல்லீரல் கெட்டது. சிறுநீரகத்தில் கல் விளைந்தது. சத்துக் குறைந்து சாய்ந்தனர். அந்த முறையே கைவிடப்பட்டது. இன்றைய முறைகள் அதைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானவை. எனினும் பாடம் பழையதுதான்: எடைத் தட்டு காட்டும் கணக்கு பாதிக் கணக்கு, மீதிக் கணக்கு இரத்தப் பரிசோதனையில் இருக்கிறது!

இனி நம் ஊருக்கு வருவோம். பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கற்பனை மனிதர்தான்; ஆனால் நடப்பது கற்பனையன்று. சென்னையில் பைபாஸ் அறுவை முடித்துத் திரும்பினார். ஆறு மாதத்தில் ஆள் பாதியானார். ஊர் வியந்தது. மாத்திரை தீர்ந்தது, "நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று விட்டுவிட்டார். முடி உதிர்ந்தது. மாடி ஏறினால் மூச்சிரைத்தது. இரண்டு மூன்று ஆண்டு சென்றபின் பாதம் மரத்தது. தறி ஓட்டுபவருக்குத் தரை தெரியவில்லை. கல்லீரலில் இருந்த பி-12 கையிருப்பு சில ஆண்டு தாங்கி, பின் காலியானதன் விளைவு அது. ஊர் என்ன சொல்லும்? "கண்ணேறு" என்று ஒருவர், "செய்வினை" என்று ஒருவர், "தலைவிதி" என்று மற்றொருவர்! விதியுமில்லை, வினையுமில்லை. வைட்டமின் இல்லை, அவ்வளவுதான்! தாயத்துக் கட்டும் காசுக்கு மாதம் ஒரு பி-12 ஊசி போட்டிருக்கலாம். காலங்கடந்தால் அந்த மரப்பு ஊசிக்கும் முழுதாக மசியாது.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. அறுவைக்குப் பின் சிலருக்கு ஓயாத வாந்தி வரும். பி-1 என்னும் தயாமின் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கையிருப்பு இல்லாதது. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிய நாடுகளில் பெரிபெரி நோயைக் கொண்டுவந்த குறை அதுவே. அது வற்றினால் கண்ணின் கருவிழி ஆடும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறி நினைவு தடுமாறும். தெருவில் பார்ப்பவர் "குடித்திருக்கிறான்" என்பார்கள்! வீட்டார் அருகிலுள்ள கிளினிக்குக்குக் கொண்டுபோய் "ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்பார்கள். அங்கேதான் ஆபத்து! தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயாமினும் செலவாகி, மூளை நிரந்தரமாகக் கெடக் கூடும். "இவருக்கு வயிற்றில் எடைக்குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, முதலில் தயாமின் கொடுங்கள்" — இந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கும். வீட்டார் மனப்பாடம் செய்ய வேண்டிய மந்திரம் என்று ஒன்று உண்டானால், அது இதுதான்.

2024 ஏப்ரலில், சென்னையை அடுத்த ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். நாடு அதிர்ந்தது, விசாரணை நடந்தது. நடக்கத்தான் வேண்டும். மேசை மீது நேரும் சாவு ஏட்டில் வருகிறது. ஐந்தாண்டு கழித்து எலும்பு நொறுங்குவதும், இரத்தம் வெளிறுவதும், கால் தடுமாறுவதும் எந்த ஏட்டில் வருகின்றன? அந்தத் துன்பத்துக்குச் சத்தமில்லை. ஆகவே விசாரணையும் இல்லை!

"மருத்துவர் சொல்லித்தானே அனுப்புகிறார்? மாத்திரை விழுங்காதது நோயாளியின் குற்றந்தானே?" என்பர் சிலர். திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலேறி, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, முடிவு வாங்கித் திரும்ப ஒரு நாள் கூலி போகும். பரிசோதனைக்குப் பணம், மாத்திரைக்கு மாதாமாதம் பணம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதி, பி.எம்.ஐ. 40-ஐ எட்டியவருக்கும், 35-ஐ எட்டிக் கடும் நோயும் உடையவருக்கும் இந்த அறுவைச் செலவு கிடைக்க வழி திறந்தது. நல்லதே. ஆனால் மருத்துவமனையை விட்டு வந்தபின் ஆகும் செலவைப் பாலிசிகள் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று எண்ணி நிறுத்துகின்றன. கத்திக்குப் பணம் உண்டு, காப்பதற்கு இல்லை! குடலை மாற்றியது ஆயுளுக்கும். கவனிப்பது அறுபது நாளுக்கா? என்ன நீதி இது என்று கேட்கிறோம்.

பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. அதே கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 53 பேர் சோகை உடையவர்கள் என்கிறது. அறுவைக்கு முன்பே இரத்தம் குறைந்த தாய்க்கு, இரும்பு இறங்கும் வழியையும் அடைத்துவிட்டு, "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றால் போதுமா? ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதைக் கணவனுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது: அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், என்ன அறுவை, என்ன மாத்திரை, எப்போது பரிசோதனை என்பதைத் தாய்மொழியில் எழுதிய கையேடு தர வேண்டும். திருத்தணிக்கு அப்பால் நகரியும் புத்தூரும் இருக்கின்றன. தெலுங்கு பேசும் தொழிலாளிக்குத் தெலுங்கிலே தரட்டும். எல்லைக்கோடு குடலுக்குள் ஓடவில்லை!

இரண்டாவது: அறுவைக்குப் பணம் தரும் காப்பீடு எதுவாயினும், இ.எஸ்.ஐ. ஆயினும், ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கும் சத்து மருந்துகளுக்கும் ஆயுள் முழுவதும் தர வேண்டும்.

மூன்றாவது: பி-12 ஊசியும், இரும்பும், சுண்ணாம்புச் சத்தும், வைட்டமின் டி-யும், தயாமினும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாயிற்படிக்கே கொண்டுவந்த நாடு இது. அந்த வழியில் இதுவும் வரட்டும்.

நான்காவது: எத்தனை பேருக்கு அறுவை செய்தோம் என்று விளம்பரம் செய்யும் மருத்துவமனை, ஐந்தாண்டுக்குப் பின் அவர்களில் எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள் என்ற கணக்கையும் சர்க்காருக்குக் காட்ட வேண்டும்.

சர்க்காரிடம் கேட்பது ஒருபுறம். நம் கடமை மறுபுறம். அறுவை செய்துகொண்ட தோழரே! உணவில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல் முதலில், சோறு பிறகு. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதீர். அதற்கும் சுண்ணாம்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுவீர். பீடியும் சாராயமும் வேண்டவே வேண்டாம். உடம்பு வலிக்கிறதென்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்காதீர். தைத்த இடத்தில் புண் விளையும். முதலாண்டில் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை — இதைத் தவற விடாதீர்.

கிளைக்கழகத் தோழர்களுக்கு ஒன்று. அறுவையன்று பத்துப் பேர் கூடி இரத்தம் கொடுக்கிறீர்கள், பாராட்டுகிறோம். ஆண்டு திரும்பும்போது ஒருவராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "பரிசோதனைக்குப் போனீர்களா?" என்று கேளுங்கள். மெலிந்தவரைக் கண்டு கேலி பேசுவோர் வாயை அடையுங்கள். மந்திரவாதி வீட்டுக்குப் போகும் காலை மருத்துவமனைப் பக்கம் திருப்புங்கள்.

365 படிகளையும் ஒருவர் தனியே ஏற முடியாது. கை கொடுக்க நாம் இருக்கிறோம் என்று காட்டுவோம். கத்தி ஓய்ந்துவிட்டது. நாம் ஓயலாமா?