சொல் ஆராய்ச்சி: திரும்பியதா, திருப்பியதா?

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் குடும்பத்தாருடன் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்தோம். மரக்காணத்தை நெருங்கும் சமயத்தில் சாலையின் குறுக்கே ஒரு பலகை நின்றது. 'டைவர்ஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் வளைந்த அம்பு ஒன்றும் போட்டிருந்தார்கள். நண்பரின் பேரன் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, எங்கள் பாடப் புத்தகத்தில் டைவர்ஷன் என்றால் பொழுதுபோக்கு என்று அர்த்தம் போட்டிருக்கிறதே! இங்கே என்ன வேடிக்கை காட்டப் போகிறார்கள்?" என்று கேட்டான்.

நண்பர் நம்மைப் பார்த்தார். சொல் விஷயம் என்று வந்தால் எல்லோரும் நம்மைத்தான் பார்ப்பது என்று வழக்கமாகிவிட்டது. நாமும் உடனே பதில் சொல்லத் தோன்றாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். வண்டி பக்கத்து மண் பாதையில் இறங்கி மெள்ள ஊர்ந்துகொண்டிருந்தது. இருபுறமும் உப்பளம். பாத்தி பாத்தியாக நீர் தேங்கி, வெயிலில் கண்ணைக் கூசிற்று. ஒரு கிழவர் மண்வெட்டியால் வரப்பை ஓரிடத்தில் வெட்டினார். ஒரு பாத்தியில் நின்ற நீர் அடுத்த பாத்திக்கு ஓடிற்று. "தம்பி, அதோ பார்! அதுதான் டைவர்ட்" என்றோம்.

இலத்தீன் பாஷையில் 'வெர்ட்டோ' என்றால் திருப்புதல். அந்த ஒரு வேரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு பெரிய குடும்பமே கிளைத்திருக்கிறது. அப்பால் திருப்பினால் 'டைவர்ட்'. வரவிடாமல் திருப்பினால் 'அவர்ட்'. பழைய நிலைக்குத் திரும்பினால் 'ரிவர்ட்'. தலைகீழாகத் திருப்பினால் 'இன்வர்ட்'. பத்திரிகைகளுக்குப் படியளக்கும் 'அட்வர்டைஸ்மெண்ட்' கூட நம் முகத்தைத் தன் பக்கம் திருப்புவதுதான். செய்யுளைக் குறிக்கும் 'வெர்ஸ்' என்ற சொல்லும் இந்தக் குடும்பமே. உழுகிறவன் சாலின் முடிவில் ஏரைத் திருப்புவதுபோல, வரியின் முடிவில் கவி திரும்புகிறான் என்பது கருத்து.

இனி, டைவர்ட் என்ற வினையின் பிரயோகங்களைக் கவனிப்போம். ஆற்றை டைவர்ட் செய்கிறார்கள். வண்டிகளை டைவர்ட் செய்கிறார்கள். ஒரு காரியத்துக்கு ஒதுக்கிய பணத்தை மற்றொன்றுக்கு டைவர்ட் செய்கிறார்கள். அழுகிற குழந்தையின் மனத்தை டைவர்ட் செய்கிறார்கள். கவலையிலிருந்து மனத்தைத் திருப்புவது எதுவோ அது டைவர்ஷன். ஆகையால் பொழுதுபோக்குக்கும் அதே பெயர் வந்தது. சிறுவனின் பாடப் புத்தகமும் சரி. சாலைப் பலகையும் சரி.

ஆங்கிலத்தில் ஒரே சொல் செய்கிற வேலையைத் தமிழில் பல சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. நீரானால் மடை மாற்றுகிறோம். வண்டியானால் மாற்று வழியில் விடுகிறோம். குழந்தையானால் பராக்குக் காட்டுகிறோம். நிலாவைக் காட்டி ஒரு கவளம் ஊட்டிவிடும் தாய்மார்களுக்கு இந்தப் பிரயோகத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

டைவர்ட்டையும் அவர்ட்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. திருப்பிய பொருள் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேரும், அது டைவர்ட். விலக்கிய பொருள் வந்து சேராமலே போகும், அது அவர்ட். வெள்ளத்தை வடிகாலில் திருப்பினால் முன்னது. அதனால் ஊருக்கு வரவிருந்த அபாயம் நீங்கினால் பின்னது.

'டீவியேட்' என்ற சொல் வேறு ஜாதி. 'வியா' என்றால் வழி. வழியிலிருந்து தானே விலகிப் போவது டீவியேட். டைவர்ட் என்றாலோ, திருப்புகிற கை ஒன்று இருந்தே தீர வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு ஆங்கிலம் இரண்டு வேர்களைத் தேடிக்கொண்டு போகிறது. தமிழோ ஓர் எழுத்தில் முடித்துவிடுகிறது. 'விலகு' என்றால் தன்வினை. 'விலக்கு' என்றால் பிறவினை. 'திரும்பு' என்றால் தானே செய்வது. 'திருப்பு' என்றால் பிறிதொன்றைச் செய்விப்பது. ஒரு வல்லெழுத்தில் பொறுப்பு யாருடையது என்பது தெரிந்துவிடுகிறது.

பொறுப்பு என்றோமே, அதை உப்பளத்தில் கண்ணாரக் காணலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. பாமே என்ற பிரெஞ்சுக்காரரின் அளவையில் அந்த நீர் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். பாத்திக்குப் பாத்தி திருப்பிவிட, வெயிலும் காற்றும் குடித்ததுபோக மீந்த நீர் கெட்டிப்படுகிறது. முதலில் சுண்ணாம்புச் சத்துக்கள் படிகின்றன. சுமார் 25 டிகிரியில் நாம் உண்ணும் உப்பு படியத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியை எட்டும்போது மீதி நீரை வெளியே திருப்பிவிட வேண்டும். அதில் மக்னீசிய உப்புக்கள் மிகுந்திருக்கும். விட்டுவைத்தால் நல்ல உப்பும் கசந்துபோகும். முன்னாலே திருப்பினால் உப்பு நஷ்டம். தாமதித்தால் ருசி நஷ்டம். அந்தக் கிழவரின் மண்வெட்டியில் இத்தனை சாஸ்திரமும் இருக்கிறது.

மரக்காணத்தில் மற்றொரு பெரிய திருப்பத்தின் அடையாளமும் உண்டு. கடலோரமாக வடக்கே ஆந்திர நாட்டிலிருந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இந்த ஊரோடு முடிகிறது. 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் மடிந்தபோது, சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. கூடை சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகுகளில் போயின. இன்று அந்தப் படகுகள் இல்லை.

உப்பைப் பற்றிப் பேசும்போது 1930-ஐ மறக்க முடியுமா? காந்தியடிகள் உப்பைத் தேர்ந்தெடுத்தபோது, சுயராஜ்யம் என்ற பெரிய லட்சியத்திலிருந்து கவனத்தை ஒரு சிறு விஷயத்துக்குத் திருப்புகிறாரே என்று காங்கிரஸ் தலைவர்களிலேயே சிலர் ஐயுற்றார்கள். ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டியில் ஒரு பிடி உப்பு. ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் படை, 30-ஆம் தேதி வேதாரணியத்தில் அள்ளிய உப்பு. தேசத்தின் கவனம் உப்பின் வழியாகவே லட்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1947-ல் உப்பு வரி ரத்தாயிற்று. திருப்பிய நீரெல்லாம் வீணாவதில்லை; எங்கே திருப்புகிறோம் என்பதே விஷயம்.

இந்தச் சொல்லைப் பற்றி நமக்கு ஒரே ஒரு குறை உண்டு. "நிதி டைவர்ட் ஆகிவிட்டது" என்று நம்மவர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடக் கூரைக்கு வந்த பணம் வேறெங்கோ போனாலும் டைவர்ட் 'ஆகிவிட்டது'. ஏரிக்கு வரவேண்டிய மழைநீர் எவருடைய மனைக்கட்டுக்காகவோ திசைமாறினாலும் டைவர்ட் 'ஆகிவிட்டது'. பணத்துக்குக் கால் முளைத்ததா, அல்லது நீருக்குத்தான் சொந்த அபிப்பிராயம் ஏற்பட்டதா? பிறவினையைத் தன்வினையாகப் பேசிச் செய்தவனை மறைத்துவிடுகிறோம்.

வண்டி மீண்டும் சாலையில் ஏறுமுன் சற்று நின்றது. சிறுவன் எட்டிப் பார்த்து, "தாத்தா, தண்ணீர் எப்படி அந்தப் பக்கம் போயிற்று?" என்று உப்பளத்துக் கிழவரைக் கேட்டான். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"தண்ணி தானா வழி மாறாது கண்ணு. யாராச்சும் வரப்பை வெட்டினாத்தான் மாறும்" என்றார்.

இலக்கணம் இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த முறை ஏதேனும் ஒன்று 'டைவர்ட் ஆகிவிட்டது' என்று நேயர்கள் கேள்விப்பட்டால், மண்வெட்டி யார் கையில் இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.