கோழியின் காலடியில்

பெருநகரங்களில் ஆஸ்திரேலிய நாட்டுத் தாடி ஓணானைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் காலடியில் எதைப் பரப்புவது என்று அவர்கள் படும் பாட்டைக் கேட்டால் வியப்பாக இருக்கும். மணல் பார்வைக்கு அழகு. ஆனால் இரையோடு சேர்த்து விழுங்கிவிட்டால் குடலை அடைக்குமே என்ற அச்சம். காகிதம் தூய்மையானது, அழகில்லை. ஓடு பதித்தால் கழுவலாம். ஆனால் கால் வழுக்கும். ஓர் ஓணானுக்காக இத்தனை ஆராய்ச்சியா என்று நான் கேலி செய்ய வரவில்லை. அடைபட்ட உயிருக்குத் தன் தரையைத் தேடிக்கொள்ள வழியில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு அடைத்தவனையே சேரும். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் நம் நாமக்கல் வட்டாரத்தில், கோழிக்காக இக்கேள்வியைக் கேட்கிறோமா என்பதுதான் என் வினா.

பேருந்தில் போகும்போதே நாம் காணும் காட்சிதான். தூண்களின்மேல் உயர்த்திய நீண்ட கொட்டகை. வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். கூண்டின் அடியும் கம்பியே. முட்டை உருண்டு முன்னே வரவேண்டும் என்பதற்காக அந்த அடி சற்றுச் சாய்வாகவும் இருக்கும். ஒரு கோழிக்குக் கிடைப்பது நம் தேர்வுத்தாளின் ஒரு பக்கத்துக்கும் குறைந்த இடம். ஓராண்டுக்கும் மேலாக, முட்டைக் காலம் முடியும்வரை, அந்தக் கால்கள் மண்ணைத் தொடுவதில்லை.

வாசலில் திரியும் நாட்டுக்கோழியைக் கவனித்திருப்பீர்கள். உச்சிவெயிலில் வேப்பமரத்தடிப் புழுதியில் குழி பறித்துப் படுத்து, இறகை விரித்து, மண்ணை மேலெல்லாம் வாரிப் போட்டுக்கொள்ளும். அது விளையாட்டன்று. இறகில் தேங்கிய எண்ணெய்ப் பசையும் செள்ளும் நீங்குவதற்கு இயற்கை கொடுத்த குளியல் அது. கூண்டில் பிறந்து வளர்ந்த கோழிக்கும் அந்த உந்துதல் அற்றுப்போவதில்லை. வெறுங்கம்பியின்மேல் படுத்து, இல்லாத புழுதியை இறகுக்குள் தள்ளுவதுபோல் உடலை ஆட்டும். சித்தப்பாவின் பண்ணையில் இதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். அவரிடம் சொன்னபோது, “ஏப்பா, கம்பி வேண்டாம், மண்ணு வேணும்னு கோழி உங்கிட்ட வந்து சொல்லுச்சா?” என்று கேட்டார்.

சொல்லியிருக்கிறது என்பதே என் விடை. பிரிட்டனில் 1965-இல் பிராம்பெல் குழு என்ற அறிஞர் குழு, மெல்லிய அறுகோணக் கம்பிவலை கோழியின் பாதத்துக்கு ஆகாது, தடித்த கம்பியே வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரக்கத்தோடு செய்த முடிவுதான். 1973-இல் ஹியூஸ், பிளாக் என்னும் இருவர் கோழியையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். கோழியோ, குழு ஒதுக்கிய மெல்லிய வலையையே விரும்பி நின்றது! பாதத்தை அதிக இடங்களில் தாங்குவது அந்த வலைதான் என்பது பிறகே விளங்கிற்று. மனிதக் கண்ணுக்கு நல்லதாகத் தோன்றுவது வேறு, கோழியின் காலுக்கு நல்லது வேறு. 1983-இல் மரியன் டாக்கின்ஸ் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கூளம் பரப்பிய தரையையும் கம்பித் தரையையும் காட்டியபோது, கூளத்தையே அறியாமல் கம்பியில் வளர்ந்த கோழிகளும் கூளத்தை நாடின; அதற்காகக் குறுகிய கூண்டுக்குள்ளும் நுழைந்தன.

பண்ணையாளர் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. கூண்டு பரவுவதற்கு முன் ஆழ்கூள முறை இருந்தது. எச்சமும் கோழியும் ஒரே தரையில் கிடந்ததால் இரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் பரவ வழியிருந்தது. முட்டை அழுக்கானது. கூளம் நனைந்தால் அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. கம்பித் தரை இவற்றைப் பெருமளவு குறைத்தது உண்மை. சத்துணவில் முட்டை தின்று வளர்ந்த நம்மில் பலர் அந்த மலிவான முட்டைக்குக் கடன்பட்டவர்களே. ஆனால் எச்சத்தைப் பிரிக்க வந்த கம்பி, புழுதியையும் சேர்த்துப் பறிக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் வெற்றுக் கம்பிக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. அங்கே கூண்டு வைத்தாலும் அதற்குள் முட்டையிட மறைவும், அமரக் கட்டையும், கிளறக் கூளமும் இருந்தாக வேண்டும். நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017-இல் தன் 269-ஆம் அறிக்கையை முட்டைக்கோழி, இறைச்சிக்கோழி ஆகியவற்றின் வளர்ப்பு முறையைப் பற்றியே தந்தது.

எதைப் பரப்புவது? இங்கே நம் சமவெளிக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலைகளில் உமி, மரப்பட்டறைகளில் மரத்தூள், மானாவாரிக் காடுகளில் கடலைத் தொலி, பரமத்திவேலூர்த் தென்னந்தோப்புப் பக்கம் நார்த்தூள். கடலைத் தொலி ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்; அந்தப் பூஞ்சணம் கோழியின் நுரையீரலுக்குப் பகை. மரத்தூளைக் குஞ்சுகள் தீனி என்று கொத்தும். எதுவானாலும் ஒரு சோதனை போதும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்க வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் உடனே கிளறிக் காயவிட வேண்டும்.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம்மிடையே விலங்கியல் மாணவர்கள் இருக்கிறோம். ஏதேனும் ஒரு பண்ணையில் ஒரே ஒரு வரிசைக் கூண்டுகளில் மட்டும் மூலைக்கு ஒரு தட்டு வைத்துக் கூளம் இட்டுப் பார்க்கலாம். பக்கத்து வரிசையோடு முட்டையையும் உடைசலையும் இறப்பையும் ஓராண்டு எண்ணி எழுதலாம். என் சித்தப்பா இதற்கு இன்னும் தலையசைக்கவில்லை. தட்டைக் கழுவும் கூலி யார் தருவது என்கிறார். அது நியாயமான கேள்வி. கணக்கில் அந்தக் கூலியும் சேரவேண்டும். தொடங்குவதானால் உமியில் தொடங்கலாம். நார்த்தூளை நான் இரண்டாவதாகவே வைப்பேன். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பண்டம் அது, ஐப்பசி அடைமழையில் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.