வயசு இல்லை, எண்ணெய்

பிடோக் அண்ணன் போலிங் விளையாடுவதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் பந்தைத் துடைத்துப் பையில் வைத்தார், ஷூவைக் கழற்றினார், "கை போச்சு தம்பி. 74 ஆச்சு. இனிமே இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்றார். அன்று அவர் எடுத்தது 128, 119, 121. அதற்கு முந்தின மாதம் வரை 160க்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்குவார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் வயதில் ஒருவர் "வயசாச்சு" என்றால் மற்றவர்கள் தலையாட்டுவது பழக்கமாகிவிட்டது. நானும் ஆட்டினேன். அதுதான் இப்போது உறுத்துகிறது. அன்று கெட்டுப் போனது அவர் கை அல்ல. லேனில் பூசியிருந்த எண்ணெய் மாறியிருந்தது.

போலிங் லேனில் எண்ணெயா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் மூன்றரை அடிக்கும் கொஞ்சம் குறைவு, அதில் 39 பலகைக் கோடுகள். அந்தக் காலத்தில் இது உண்மையாகவே மரப்பலகைதான். பதினான்கு பதினைந்து பவுண்டு பந்து தினமும் நூற்றுக்கணக்கான தடவை விழுந்து உரசினால் மரம் என்ன ஆகும்? அதைக் காப்பாற்றத்தான் முதலில் எண்ணெய் தடவினார்கள். இன்று பல இடங்களில் மரம் போய்ச் செயற்கைத் தளம் வந்துவிட்டது. ஆனால் எண்ணெய் போகவில்லை. ஏனென்றால் அதற்குள் எண்ணெயே விளையாட்டின் பாதியாகிவிட்டது.

ஒரு லேனுக்கு ஊற்றுவது சுமார் 25 மில்லிதான். இரண்டு மேசைக்கரண்டிகூட வராது. ஓர் இயந்திரம் லேன் மேல் ஊர்ந்து போய் அதைப் படலமாகப் பரப்பும். பெரும்பாலும் முதல் 40 அடி வரைக்கும்தான் எண்ணெய், கடைசி 20 அடி காய்ந்த தளம். படலம் மெல்லியது, நிறமும் கிடையாது. நின்று குனிந்து பார்த்தாலும் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கப்பல் பட்டறையில் பேரிங்கோடும் கிரீஸோடும் 34 வருடம் கழித்த எனக்கே, இந்த விளையாட்டுக்கு வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அப்படி ஒன்று இருக்கிறது என்று புரிந்தது.

பந்து கையை விட்டதும் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும். நாம் விரலால் கொடுத்த சுழற்சி அப்போது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், தளத்தைப் பிடிக்காது. எண்ணெய் குறைகிற இடத்தில் பிடிமானம் கிடைத்ததும் திரும்ப ஆரம்பிக்கும். கடைசியில் திருப்பம் அடங்கி உருளும். வழுக்கல், திருப்பம், உருளல் மூன்றும் எந்தெந்த இடத்தில் நடக்கிறது என்பதுதான் ஸ்ட்ரைக்குக்கும் ஸ்பிளிட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஹெட் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் நடுவில் பந்து கொஞ்சம் சாய்வாக நுழைய வேண்டும். நேராகப் போனால் இடிக்கும், ஆனால் பத்தும் விழுவதற்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். நம்மைப் போன்ற வழக்கமான ஆட்களுக்குக் கூடங்களில் போடுவது நடுவில் நிறைய எண்ணெய், இரு ஓரங்களிலும் கொஞ்சம். இது தாராள மனசுக்காரன் போட்ட எண்ணெய். வலக்கைக்காரர் பந்தைத் தவறி வலப்பக்கம் வெளியே விட்டால் ஓரத்தில் பிடிமானம் இருக்கிறது, பந்து திரும்பி வந்துவிடும். தவறி உள்ளே இழுத்துவிட்டால் நடுவில் எண்ணெய் இருக்கிறது, பந்து அதிகம் திரும்பாமல் போகும். எந்தப் பக்கம் தப்பு செய்தாலும் எண்ணெய் நம் கையைப் பிடித்து வழிக்குக் கொண்டுவருகிறது. 170, 180 எடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்துகிறோமே, அதில் கணிசமான பங்கு அந்த இயந்திரத்துக்குச் சேர வேண்டியது.

போட்டிக்குப் போடுவது வேறு. ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துவிடுவார்கள். நீளத்தையும் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அங்கே வெளியே விட்டால் பந்து வெளியேதான் போகும். ஆட்டக்காரர்கள் ஒரு குத்துமதிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: எண்ணெய் எத்தனை அடியோ, அதில் 31ஐக் கழி. எண்ணெய் முடிகிற இடத்தில் பந்து எத்தனையாவது பலகையில் இருக்கலாம் என்பதற்கு அதுதான் விடை. 38 அடி எண்ணெய் என்றால் ஓரத்திலிருந்து 7ஆவது பலகை. 44 அடி என்றால் 13. எண்ணெய் நீள நீள, பந்தை ஓரத்துக்கு விடாமல் உள்ளேயே நேராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

பிடோக் அண்ணன் ஆடியது 44 அடி லேனில், 38 அடி லேன் என்று நினைத்துக்கொண்டு.

இது எனக்குத் தெரிய வந்தது அவர் போய் இரண்டு வாரம் கழித்து. என் பந்து திரும்பி வரும்போது அதன் மேல் எண்ணெய் வளையங்கள் வழக்கத்தைவிட ஈரமாக இருந்தன. பின்னால் இயந்திரம் பார்க்கிற பையனைப் பிடித்துக் கேட்டேன். "போன மாசம் போட்டிக்காகப் போட்டது அங்கிள், 44 அடி. மாத்தச் சொல்லி யாரும் சொல்லலையே" என்றான். அவன் மேல் தப்பில்லை. எந்தக் கூடம் என்று எழுதப் போவதில்லை, வேறு கூடங்களிலும் இப்படி நடக்கலாம். அண்ணன் பத்து வருடமாக விடுகிற மாதிரி வலப்பக்கம் வெளியே விட்டு, அது திரும்பும் என்று காத்திருந்திருக்கிறார். திரும்பவில்லை. வலது மூலையில் மூன்று பின்னைத் தட்டிவிட்டுப் பள்ளத்துக்குப் போனது. அவருக்குக் கிடைத்த விளக்கம் ஒன்றே ஒன்று: மணிக்கட்டில் பலம் போய்விட்டது.

இந்த இடத்தில் பந்துக் கடைக்காரர் சொல்கிற தீர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் அதிகமா, பலமான பந்து வாங்குங்கள் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் பந்து மேற்பரப்பு வழுவழுப்பானது, எண்ணெயில் நேராகப் போகும். அதனால்தான் ஒற்றைப் பின் மிச்சமிருக்கும்போது பலர் அதை எடுக்கிறார்கள். 1980களில் வந்த யூரித்தேன் அதைவிடப் பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்து நுண்ணிய துளைகள் உள்ளது. எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு காய்ந்த தளத்துக்கு வந்ததும் வெட்டித் திரும்பும். ஒரே பந்தையே உப்புத்தாள் மாதிரியான வட்டால் தேய்த்து மங்கலாக்கினால் சீக்கிரம் பிடிக்கும், மெருகேற்றினால் தள்ளிப்போய்ப் பிடிக்கும்.

மேற்பரப்பின் மகிமை பழைய கதை. 1973இல் அமெரிக்காவில் டான் மெக்கூன் என்ற தொழில்முறை வீரர் பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து மேல்தோலை மென்மையாக்கிக்கொண்டு வந்தார். அந்த ஒரு வருடத்தில் ஆறு பட்டங்கள், ஆண்டின் சிறந்த வீரர் விருது. பிறகுதான் பந்து இத்தனை கடினத்துக்குக் குறையக் கூடாது என்று விதி போட்டார்கள்.

நானும் ஆசைப்பட்டு 300 வெள்ளிக்கு மேல் கொடுத்து மங்கல் மேற்பரப்புள்ள பலமான பந்து ஒன்று வாங்கினேன். என் மாதிரி மெதுவாக விடுகிறவனுக்கு அது என்ன செய்தது தெரியுமா? எண்ணெய் அதிகமிருந்த நாளில் ராஜா. வழக்கமான எண்ணெயில், பாதி வழியிலேயே திரும்பி, பலத்தையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு, பின்களிடம் போய்ச் சேரும்போது சோர்ந்துபோய் நின்றது. விருந்துக்குப் போகிற வழியிலேயே சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொண்ட ஆள் மாதிரி. வேகமாக விடும் இளைஞனின் பந்து எண்ணெயைச் சீக்கிரம் கடந்துவிடுகிறது, அவனுக்கு அந்தப் பிடிமானம் தேவை. நமக்குப் பந்து ஏற்கெனவே மெதுவாகத்தான் போகிறது, பிடித்துக்கொள்ள அதற்கு நேரம் தாராளம். அந்தப் பந்து இப்போது சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருக்கிறது. பேரன் அதன் மேல் கால் வைத்துக்கொண்டு படிக்கிறான். பல நாளுக்கு ஒரு சாதாரண மெருகேற்றிய பந்தும், ஸ்பேருக்கு ஒரு பிளாஸ்டிக் பந்தும் போதும் என்பது என் அபிப்பிராயம். மிச்சப் பணத்துக்கு முழங்கால் தைலம் வாங்கலாம்.

எண்ணெய் ஆட்டத்தின் நடுவிலும் நகரும். நான்கு பேர் ஒரே தடத்தில் விட்டால் ரியாக்டிவ் பந்துகள் அந்தத் தடத்து எண்ணெயை எடுத்துவிடும். பிளாஸ்டிக் பந்துகள் கொஞ்சத்தைக் காய்ந்த பகுதிக்கு இழுத்துக்கொண்டு போகும். முதல் ஆட்டத்தில் நின்ற இடத்திலேயே மூன்றாவது ஆட்டத்திலும் நிற்கிறவர் களைப்பால் தோற்றதாக நினைத்துக்கொள்வார். இடக்கைக்காரர்களுக்கு அந்தப் பக்கம் கூட்டம் குறைவு, அவர்கள் லேன் அதிகம் மாறாது. எங்கள் குழுவில் உள்ள ஒரே இடக்கைக்காரர் இதைத் தன் திறமை என்று பத்து வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

எங்கள் செவ்வாய்க்கிழமை லீக்கில் இதைப் பேசியபோது ஒரு நண்பர் சொன்னார்: "எல்லாருக்கும் அதே எண்ணெய்தானே, இதில் என்ன அநியாயம்? நாம உடற்பயிற்சிக்கு வர்றோம்." எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் தெரிந்தவன் இரண்டடி நகர்ந்து நிற்கிறான், தெரியாதவன் வீட்டுக்குப் போகிறான். உடற்பயிற்சிக்கு வருகிற ஆள் வராமல் போய்விட்டால் அப்புறம் என்ன உடற்பயிற்சி? அண்ணனுக்கு வாரத்தில் வீட்டை விட்டு வெளியே வரும் காரணம் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான். அண்ணி போனபிறகு வேறொன்றும் இல்லை.

நம் ஊர் போலிங்குக்குப் பேர் போன ஊர். 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரெமி ஓங் மூன்று தங்கம் வாங்கியபோது கோப்பிக்கடையெல்லாம் அதே பேச்சு. 2008இல் ஜாஸ்மின் இயோங்-நாதன் மெக்சிகோவில் உலகக் கிண்ணத்தை வென்றபோது, அந்தப் பெயரின் பின்பாதிக்காகவே எங்கள் மேசையில் கைதட்டல் கொஞ்சம் கூடுதல். அந்த மாதிரிப் போட்டிகளில் லேனில் என்ன எண்ணெய், எத்தனை அடி என்று காகிதத்தில் அச்சடித்து ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பது சாதாரண விஷயம். உலக வீரனுக்குச் சொல்கிறதை 74 வயதுக்காரருக்கு ஏன் சொல்லக் கூடாது? நான் கேட்பது பெரிதில்லை. கவுண்டரில் ஷூ வாங்குகிற இடத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: இன்று எத்தனை அடி, கடைசியாக எப்போது போட்டது. காலை நேர மூத்தோர் லீக் அன்றைக்கு வழக்கமான எண்ணெயைப் போடுங்கள். முடியாவிட்டால் வாயால் சொல்லிவிடுங்கள். இதை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், ஒன்பது பேர் கையெழுத்து. "பார்க்கிறோம் அங்கிள்" என்றார். அடுத்த செவ்வாயும் போய்க் கேட்பேன்.

அண்ணனுக்கு நேற்று ராத்திரி போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றே" என்றார். அந்தப் பையன் சொன்னதைச் சொன்னேன். 38க்கும் 44க்கும் உள்ள கணக்கைச் சொன்னேன். தெரிந்திருக்க வேண்டிய நானே அன்றைக்குத் தலையாட்டியதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதைக் குறைத்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப 13ஆவது பலகைன்னா, நான் எங்க நிக்கணும்?"