இன்னொவேஷன் டே: ஃபர்ஸ்ட் இயர் மாணவர்கள் கைதட்ட மட்டும்தானா?

குத்துவிளக்கு, பொன்னாடை, சீஃப் கெஸ்ட் உரை, ஸ்டார்ட்அப் பற்றி ஒரு பி.பி.டி. மதியம் பிரியாணி, மாலையில் சர்டிஃபிகேட். பல பொறியியல் கல்லூரிகளில் புதிய மாணவர்களுக்கான ‘இன்னொவேஷன் டே’ இப்படித்தான் முடிகிறது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபர்ஸ்ட் இயர் மாணவர் அன்று செய்த ஒரே வேலை, கைதட்டியது.

ஏன் இப்படி ஆகிறது?

கல்லூரிகளில் ஐ.ஐ.சி. எனப்படும் புத்தாக்க மன்றங்களை அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் தொடங்கியது. நடத்திய நிகழ்ச்சிகளைப் போர்ட்டலில் பதிவேற்றினால், அதை வைத்து நட்சத்திர மதிப்பீடு கிடைக்கும். நோக்கம் நல்லதுதான். ஆனால், மாணவர் என்ன கற்றுக்கொண்டார் என்பது போட்டோவில் வராதே!

சரி, ஹேக்கத்தான் வைத்தால்? 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் 6 பேர் கொண்ட குழுக்கள் மோதுகின்றன. சாஃப்ட்வேர் இறுதிச்சுற்று 36 மணி நேரம் நீளும். தேர்ட் இயர் மாணவருக்கு அது அருமையான களம். கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்களுக்கு அதே மாதிரி வைத்தால், ஸ்கூலிலேயே கோடிங் படித்தவரும் இங்கிலீஷ் சரளமாகப் பேசுபவரும்தான் முன்னால் நிற்பார்கள். மற்றவர்கள், ‘இது நமக்கு செட் ஆகாதுப்பா’ என்று ஒதுங்கிவிடுவார்கள்.

யாருக்கு நஷ்டம்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% இட ஒதுக்கீட்டைப் பொறியியல் படிப்புக்கும் தமிழ்நாடு அரசு 2021-ல் கொண்டுவந்தது. அதில் சேர்பவர்களில் தமிழ் வழியில் படித்தவர்களும், வீட்டின் முதல் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே ஒதுங்கிவிட்டால், அந்தத் தயக்கம் 4 வருஷமும் கூடவே வரும்.

நஷ்டம் கல்லூரிக்கும்தான். பம்ப்செட் மோட்டார் காயில் எரிந்தால் என்ன செலவாகும் என்பது விவசாயி வீட்டுப் பையனுக்குத் தெரியும். ஐஸ் தீர்ந்தால் மீன் விலை எப்படி விழும் என்பது மீனவர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். கோடிங்கை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். இந்த அனுபவத்தை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

எப்படி நடத்தலாம்?

* முதல் அரை நாள் கேம்பஸைச் சுற்றட்டும். மெஸ்ஸில் வீணாகும் சாப்பாடு, நிரம்பி வழியும் ஹாஸ்டல் டேங்க், லேட்டாக வரும் பஸ் என்று கண்ணில் படுவதை எழுதட்டும். சமையல் அக்கா, டிரைவர் அண்ணனிடம் பேசட்டும்.
* குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கலாம். ஹாஸ்டல், டே ஸ்காலர், எல்லா டிபார்ட்மென்ட்டும் கலந்துவிடும்.
* பி.பி.டி. வேண்டாம். அட்டை, தெர்மாகோலில் மாடல் செய்து, தமிழிலேயே விளக்கட்டும்.
* குழுவுக்கு ஒரு சீனியர். அவர் கேள்வி கேட்கலாம், செய்து தரக் கூடாது.
* பரிசுத் தொகையை ஒரே குழுவுக்குக் கொடுக்காமல், தொடர்ந்து வேலை செய்ய விரும்பும் குழுக்களுக்குப் பொருள் வாங்கப் பிரித்துத் தரலாம்.

மறுநாள்தான் முக்கியம்

ஐஐடி மெட்ராஸில் 2008-ல் தொடங்கிய ‘சென்டர் ஃபார் இன்னொவேஷன்’ மாணவர்களே நடத்தும் பட்டறை. 2019-ல் ஸ்பேஸ்எக்ஸின் ஹைப்பர்லூப் போட்டிக்குப் போன ‘ஆவிஷ்கார்’ குழு அங்கே உருவானதுதான். ஒருநாள் விழாவில் இது நடந்துவிடாது. போய் உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம் வேண்டும்.

‘ஐஐடி வசதிக்கு நாங்கள் எங்கே போவது?’ என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால், எந்தப் பொறியியல் கல்லூரியிலும் ஒர்க்‌ஷாப் உண்டு. வகுப்பு முடிந்ததும் அதைப் பூட்டிவிடுகிறார்கள். மாலையில் 2 மணி நேரம் திறந்து வைக்கலாம். ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டாமல், பொறுப்பேற்பவருக்கு வகுப்பு நேரத்தைக் குறைக்க வேண்டும். மேடைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவைக் குறைத்தால், மெட்டீரியலுக்குப் பணம் வந்துவிடும்.

விழா முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒர்க்‌ஷாப் சாவி கேட்டு எத்தனை ஃபர்ஸ்ட் இயர் மாணவர்கள் வந்தார்கள்? ரிப்போர்ட்டில் அந்த எண்ணிக்கையையும் கல்லூரிகள் எழுதட்டும்.