பெரிய ஓட்டலும் நம்மவர் கூச்சமும்

ஐதராபாத் நகரில் பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ், ஹைடெக் சிட்டி பகுதிகளில் வெளிநாட்டுச் சாப்பாடு போடும் பெரிய ஓட்டல்கள் பெருகிவிட்டன. ஜப்பான் சமையலையும் ஐரோப்பியச் சமையலையும் கலந்து 'பியூஷன்' என்ற பெயரில் பரிமாறுவது இப்போது நாகரிகமாக இருக்கிறது. வாசலில் காவலாளி சல்யூட் அடிக்கிறார். உள்ளே விளக்கு மங்கலாக எரிகிறது. மெனு கார்டில் உள்ள பெயர்களில் பாதி வாயில் நுழைவதில்லை.

இந்த ஓட்டல்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று செகந்திராபாத் தமிழர் கேட்கலாம். சம்பந்தம் வந்துவிட்டது. ரெயில்வேயிலும் பாங்கியிலும் குமாஸ்தாவாக இருப்பவர்களின் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். முதல் சம்பளம் வாங்கியதும் தாய் தந்தையரை இம்மாதிரி இடத்துக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை நியாயமானது.

ஆனால், அங்கே போய் உட்கார்ந்ததும் பெரியவர்களைக் கூச்சம் பிடித்துக் கொள்கிறது. எதைக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது, விலை கேட்டால் கேவலமாக நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். கடைசியில் பில்லைப் படித்துக்கூடப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து வருகிறார்கள். இந்தக் கூச்சம் வேண்டாதது. கைப்பணத்துக்கும் நஷ்டம்.

கலவை புதிதல்ல

இந்தச் சமையலின் வரலாறு தெரிந்தால் மலைப்பு பாதி தீர்ந்துவிடும். 1970-களில் பிரான்சில் பால் போகூஸ் போன்ற பெரிய சமையற்காரர்கள், கனமான குழம்புகளைக் குறைத்து, மீனும் காய்கறியும் அதனதன் ருசியோடு தெரியும்படி சமைப்பதைப் பிரபலப்படுத்தினார்கள். அவர்கள் ஜப்பானுக்குப் போய் வந்தார்கள். ஜப்பானியர்கள் பிரான்சுக்குப் போய்த் தொழில் கற்றார்கள். பெரிய தட்டில் கொஞ்சம் சாப்பாட்டை அழகாக அடுக்கி வைக்கும் பழக்கம் இந்தப் போக்குவரத்தில் வளர்ந்ததுதான்.

2003-ல் ஜோயல் ரொபுஷோன் என்ற பிரெஞ்சு சமையல் நிபுணர், டோக்கியோவிலும் பாரிசிலும் ஓட்டல் திறந்தார். ஜப்பானிய 'சுஷி' கடைகளில் உள்ளது போல, சாப்பிடுகிறவர் சமையல் நடக்கும் இடத்துக்கு எதிரிலேயே உட்காரும்படி அதை அமைத்தார். உலகம் அதிசயித்தது. நம் ஊர்த் தள்ளுவண்டியில் தோசைக்கல்லுக்கு எதிரே நின்று சாப்பிடுகிறோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்!

'டெம்புரா' என்று மெனுவில் இருக்கும். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த காய்கறி அல்லது மீன். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக ஜப்பானுக்குப் போன பலகாரம் அது. பஜ்ஜி தின்றவர் அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

ஐதராபாத்தே கலந்து சமைத்த ஊர்தான். அலீம் அரபு நாட்டிலிருந்து நிஜாம் காலத்தில் வந்தது. இந்த ஊர் மசாலா சேர்ந்து, 2010-ல் ஐதராபாத் அலீம் என்றே புவிசார் குறியீடு பெற்றது. டீக்கடைகளுக்கு 'இரானி' என்று பெயர். பிரெஞ்சுக்காரரும் இங்கே புதியவர் அல்ல. நிஜாமின் படையில் தளபதியாக இருந்து 1798-ல் இறந்த ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால்தான் மலக்பேட்டை அருகே மூசாராம்பாக் என்ற பகுதி இன்றும் வழங்குகிறது. ஏழை தெருவில் கலந்தால் அது டீக்கடைப் பண்டம். பணக்காரர் மாடியில் கலந்தால் அதற்குப் பெயர் 'பியூஷன்'!

விருந்தாளியும் வாடிக்கையாளரும்

பலக்நுமா அரண்மனையில் ஒரே நேரத்தில் 101 பேர் உட்கார்ந்து சாப்பிடும் நீண்ட மேஜை இருக்கிறது. நிஜாம் காலத்தில் அழைப்பு இருந்தால்தான் அந்த மேஜையில் இடம். 2010 முதல் அந்த அரண்மனை தாஜ் ஓட்டலாக நடக்கிறது. இப்போது பணம் கட்டினால் அங்கே விருந்து நடத்தலாம்.

இந்த மாறுதலை நாம் மனதில் கொள்ள வேண்டும். விருந்தாளி கணக்குக் கேட்பது மரியாதை அல்ல. பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் கணக்குக் கேட்காமல் இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பில்லில் வரும் 'சர்வீஸ் சார்ஜ்'. இது அரசாங்க வரி அல்ல. ஓட்டல்காரர் தாமாகச் சேர்ப்பது. இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி அறிவித்தது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ந் தேதி டெல்லி ஐகோர்ட்டு அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களும் தலா ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சங்கங்கள் அப்பீலுக்குப் போயிருக்கின்றன.

கணக்குப் பார்ப்போம். சாப்பாட்டு விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 1,000 ரூபாய். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் அறை விடும் ஓட்டலாக இருந்தால், சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து வரி போட்டால் மொத்தம் 12,980 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 11,800 ரூபாய். கேட்கக் கூச்சப்பட்டதற்கு விலை 1,180 ரூபாய்!

தொழிலாளிக்கு என்ன?

இந்தத் தொகை சர்வருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் பங்காகிறது, அதைத் தடுப்பது தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது என்று முதலாளிகள் தரப்பில் சொல்லப்படுகிறது. பிழைப்பு தேடி வெளியூர் வந்த நாம் இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்குப் பணம் தேவை என்றால் பண்டத்தின் விலையிலேயே சேர்த்து மெனு கார்டில் போடட்டும். பார்த்துவிட்டு உள்ளே போகலாமா வேண்டாமா என்று நாம் முடிவு செய்து கொள்வோம். நன்றாகப் பரிமாறியவருக்கு மனமுவந்து கையில் கொடுப்பதை எந்தக் கோர்ட்டும் தடுக்கவில்லை.

பணம் மட்டுமல்ல, ஆசாரமும் இருக்கிறது. காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் ஜப்பானிய முறையில் 'தாஷி' என்ற மீன் சாறு கலந்திருக்கலாம். பிரெஞ்சு முறையில் இறைச்சி எலும்புச் சாறும் ஒயினும் சேர்ப்பது வழக்கம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே சர்வரிடம் விளக்கமாகக் கேட்டுவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு வருந்திப் பயன் இல்லை.

ஆகவே, பிள்ளைகள் ஆசையோடு அழைத்தால் தாராளமாகப் போகலாம். கடன் வாங்கிப் போக வேண்டாம். அங்கே சாப்பிடாததால் யாருக்கும் கவுரவம் குறையப் போவதில்லை. குச்சியால் சாப்பிட வராவிட்டால் ஸ்பூன் கேட்கலாம். பில் வந்ததும் நிதானமாகப் படியுங்கள். சர்வீஸ் சார்ஜ் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது கால் ரூபாய்க்கு வாதாடத் தெரிந்த நமக்கு, குளிர்சாதன அறையில் மட்டும் வாய் அடைத்துப் போவானேன்?