வீட்டில் ஒரு விஞ்ஞானம்: அதிரும் பெட்டி ஒன்றா, இரண்டா?



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் புனல் ஒலிபெருக்கியில் வசனம் கேட்கும், பாட்டுக் கேட்கும். இடி மட்டும் இடியாகக் கேட்காது. 1995இல் "குருதிப்புனல்" டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் வந்தது. அதன்பின் கொட்டகையில் நாற்காலியே அதிரத் தொடங்கியது. இன்று லயத்தை விட்டு சிரம்பான், நீலாய், பஹாவ் பக்கம் தாமான் வீடுகளில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றில் அந்த அதிர்வு வரவேற்பறைக்கே வந்துவிட்டது.

அதைத் தருவது சப்வூஃபர் என்னும் பெட்டி. தவிலின் தொப்பிப் பக்கம் போல, அடித்தொனி மட்டுமே இதன் வேலை. கடையில் "5.1" என்று சொல்கிறார்களே, அதில் 5 என்பது சுற்றி வைக்கும் ஒலிபெருக்கிகள், புள்ளிக்குப் பின் வரும் 1 இந்த அடித்தொனிக்கு உரியது.

பெட்டி வாங்கியாயிற்று. ஆனால், நடுவில் உட்காரும் அப்பா "முழக்கமே இல்லையே" என்கிறார். சுவரோரம் சாய்ந்திருக்கும் பாட்டியோ "நெஞ்சு அடைக்கிறது, குறையடா" என்கிறார். யார் சொல்வது உண்மை? இருவர் சொல்வதும் உண்மையே!

காரணம் இதுதான். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,130 அடி ஓடும். வினாடிக்கு 40 முறை அதிரும் அடித்தொனியின் ஓர் அலை 28 அடி நீளம். உங்கள் அறை 14 அடி என்றால் பாதி அலை சரியாக அதற்குள் அடங்கிவிடும். திறந்த திடலில் போன ஒலி போனதுதான். அறையிலோ அது சுவரில் மோதித் திரும்பி, வரும் அலையோடு கலந்து ஓரிடத்தில் பெருகும், ஓரிடத்தில் அழியும். அதனால் இரு சுவரோரமும் முழக்கம், நடுவில் வெறுமை. அப்பாவுக்காகச் சத்தத்தைக் கூட்டினால் பாட்டிதான் பாவம்!

இதற்கு வழி உண்டு. சிறுவர் ஏறி ஆடும் சீசாப் பலகையை எண்ணிப் பாருங்கள். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும். இரு முனைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்? பலகை ஆடாது. அதுபோல, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒரே வகைப் பெட்டிகள் இரண்டை வைத்தால் அந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் அடங்கும். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்டி 2002இல் பலவித அமைப்புகளை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவும் இதுவே. நீள்சதுர அறையில் இரண்டு நல்ல பலன் தரும், நான்கு அதனினும் நன்று. அதற்கு மேல் சேர்ப்பதால் பெரிய இலாபம் இல்லை.

ஆகவே, ஒரு பெரிய பெட்டிக்குப் பணத்தைக் கொட்டுமுன், அதே பணத்தில் நடுத்தரமான இரண்டு கிடைக்குமா என்று பாருங்கள். இரண்டாகப் பிரியும் கம்பி கடையில் கிடைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் அடித்தொனி நலிந்துவிடும், இணைப்பைச் சரிபாருங்கள்.

ஒரு பெட்டிதான் இருக்கிறதா? செலவே வேண்டாம். அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டுப் போடுங்கள். பிறகு குனிந்து சுவரோரமாகச் சுற்றி வாருங்கள். முழக்கம் எங்கே தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள்.

இன்னொன்று. வரிசை வீட்டில் பக்கச் சுவர் நமக்கு மட்டும் சொந்தமன்று. மெல்லிய குரலைத் தடுக்கும் செங்கல், அடித்தொனியை அவ்வளவாகத் தடுக்காது. பெட்டிகளை வாசல் பக்கச் சுவரிலும் சமையலறைப் பக்கச் சுவரிலும் வையுங்கள். ஓசை அறை முழுதும் சமமாகப் பரவினால் சத்தத்தைக் கூட்டும் தேவையும் குறையும்.

லயத்தில் ஒரு வீட்டு அழுகையும் சிரிப்பும் பத்து வீட்டுக்கும் கேட்டது, பொறுத்துக்கொண்டு வாழ்ந்தோம். தாமானில் அடுத்த வீட்டுக்காரர் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவராக இருக்கலாம். நம் வீட்டு இடி நம் வீட்டோடு நிற்கட்டுமே!