ஒருவனுக்குக் கூலி, குடும்பத்துக்கு வேலை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நார்தாம்ப்டன்ஷயர் ஜில்லாவில், பிரான்ஸ்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மேட்டின் மேல் ஊர், கீழே கால்வாய். உயர்ந்த கோபுரமுள்ள மாதா கோயிலை 'கால்வாய்களின் பேராலயம்' என்கிறார்கள். ரோஜாப் பூவும் கோட்டையும் தீட்டிய படகுகளை வாடகைக்கு எடுத்து, விடுமுறைக்கு வருகிறவர்கள் உலா போகிறார்கள். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோஜாப் பூவைத் தீட்டிக்கொண்டவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை உலா வருகிறவர்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள்?

இந்த ஊரை ஊராக்கியது இரண்டு கால்வாய்கள். ஆக்ஸ்போர்டு கால்வாய் 1790ல் முழுவதும் திறக்கப்பட்டது. லண்டனுக்கு நேர்வழி வேண்டுமென்று முதலாளிகள் கேட்டார்கள். கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க்கு 1793ல் பார்லிமெண்ட் அனுமதி தந்தது. இரண்டும் கூடும் இடம் பிரான்ஸ்டன். ஊருக்கருகே படகுகளை ஏற்றி இறக்க ஆறு மதகுகள். அப்பால் குன்றைக் குடைந்து 2042 கஜச் சுரங்கம், 1796ல் முடிந்தது. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு கூலிகள் வெட்டிய சுரங்கம். உள்ளே குதிரை நடக்கப் பாதை கிடையாது. குதிரையை மலைமேல் ஓட்டிவிட்டு, ஆட்கள் பலகையில் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்து, நிலக்கரி ஏற்றிய படகை ஒரு மைலுக்கு மேல் இருட்டில் நகர்த்துவார்கள்.

1838ல் லண்டன்-பர்மிங்ஹாம் ரயில் ஓடத் தொடங்கியது. போட்டியில் கால்வாய் வாடகை விழுந்தது. நஷ்டம் யார் தலையில் விடிந்தது? படகோட்டிக்குக் கரையில் குடிசை வைத்திருக்கவும் கட்டவில்லை, உதவியாளுக்குக் கூலி கொடுக்கவும் கட்டவில்லை. பலர் குடிசையைக் காலி செய்து, பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேற்றினார்கள். பத்தடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம்: அடுப்பு, படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அந்த அறைக்குள்ளேதான். மனைவி சுக்கான் பிடித்தாள், மதகுக் கதவைத் தள்ளினாள். பிள்ளை குதிரையோடு கரையில் நடந்தது. பிற்காலத்தில் மோட்டார் படகு வந்து, பின்னால் இன்னொரு படகைக் கட்டி இழுத்தபோது, அந்தப் பின்படகை ஓட்டியவளும் மனைவியே. கூலி மட்டும் படகுத் தலைவன் ஒருவன் பேரில், நடைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று. கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது.

1877லும் 1884லும் சட்டங்கள் வந்தன. படகைப் பதிவு செய், நெருக்கடியைக் குறை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்றன. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று நகர்கிற படகிலிருந்து எந்தப் பள்ளிக்கு அனுப்புவது? நடையை நிறுத்தினால் கூலி இல்லையே! பசியைத் தீர்க்காமல் படிப்பைச் சட்டமாக்கினால் நடப்பது இதுதான்.

இப்படி ஆளுக்கொரு திசையில் ஓடுகிறவர்களைச் சங்கமாக்க முடியுமா? முடிந்தது, இதே பிரான்ஸ்டனில்! 1923 ஆகஸ்டில் பெலோஸ் மார்ட்டன் அண்டு கிளேட்டன் என்ற பெரிய படகுக் கம்பெனி கூலியை வெட்டியது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்திருந்த படகோட்டிகள் டஜன் கணக்கில் படகுகளை இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். சரக்கு கைமாறுவதற்காக முதலாளிகள் உண்டாக்கிய சந்திப்பு, தொழிலாளிகள் கூடும் சந்திப்பாயிற்று.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். மில் தொழிலாளி வேலை நிறுத்தம் செய்தால் கேட்டைப் பூட்டுவான் முதலாளி. தொழிலாளி வீட்டுக்குப் போவான். படகோட்டிக்கு வீடே கம்பெனியின் படகுதான். போராட்டம் தோற்றால் வேலை மட்டுமல்ல, கூரையும் போகும். அப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் நின்றார்கள், குழந்தை குட்டிகளோடு. நிறுத்தியது ஆண்கள் மட்டும் என்று எழுதுகிற சரித்திரக்காரர்களை நான் நம்பமாட்டேன். சுக்கானை விட்ட பெண்களும் சேர்ந்துதான் நிறுத்தினார்கள். முடிவு முழு வெற்றியல்ல. கூலி வெட்டை அடியோடு ஒழிக்க முடியவில்லை, சமரசத்தில் முடிந்தது.

1948 ஜனவரி 1ல் கால்வாய்கள் அரசுடைமையாயின. அந்தக் கம்பெனியும் அதே ஆண்டு படகுகளை விற்றுக் கடையைக் கட்டிற்று. போர்டின் மேல் பெயர் மாறியது. பத்தடி அறை மாறவில்லை. லாரி சரக்கைத் தின்றது. 1962-63 குளிரில் கால்வாய் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தது. 1963ல் அரசுத் துறை தன் சரக்குப் படகுகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. பிரான்ஸ்டனில் இருந்த ஒரு சிறு கம்பெனியின் படகுகள் மட்டும், லண்டன் அருகே சவுத்தாலில் இருந்த ஜாம் ஆலைக்கு 1970 வரை நிலக்கரி சுமந்தன. அந்தக் கடைசிப் படகுகளையும் ஓட்டியவை குடும்பங்களே.